பெட்டியடிப் பையனும் பர்ஸ்ட் குரூப்பும்

பதிவு போட்டு நாலு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், வேற காரணம் ஒண்ணும் இல்லை. இன்னிக்கு எழுத வெச்சது கோபம். அதனால வழக்கமான மொக்கை இல்லை, கொஞ்சம் நீளமான சண்டை. பொறுமை இல்லாதவங்க கடைசிப் பாராவைப் படிச்சிட்டு நேரா பின்னூட்டத்துக்குப் போயிடலாம் :-)

பத்தாவது ரிசல்ட் வந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் கல்லல். காரைக்குடியில ரயில் இறங்கி பஸ் பிடிக்கணும். சோமசுந்தரேசுவரர் கோயில், வருசத்துல முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கிற பெரிய பெரிய செட்டியார் வீடுகள், பஸ் ஸ்டாண்டு டீக்கடைன்னு அமைதியான ஊர். சித்தப்பா மகன் 431 மார்க் வாங்கியிருந்தான். வீட்டுல கொண்டாட்டம்னு நினைச்சுத்தான் போனேன். போனா பஞ்சாயத்து நடந்துக்கிட்டிருக்கு.

பையன் காமர்ஸ் குரூப் எடுக்கணும்கிறான். சித்தப்பா பர்ஸ்ட் குரூப்தான்கிறார். சுத்தி ஆறு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு தீர்ப்பு. நடுவுல பெரியப்பா ஒருத்தர் போனை எடுத்து வாட்ஸப்ல வந்ததைச் சத்தமா வாசிச்சார். சாராம்சம் இதுதான்: அந்தக் காலத்துல இதே செட்டிநாட்டுல பன்னிரண்டு வயசுப் பையன் கப்பலேறி பர்மாவுக்குப் போய் கொண்டுவிக்கக் கத்துக்கிட்டான். இன்னிக்குப் பதினஞ்சு வயசுல மன அழுத்தமாம், அடையாளச் சிக்கலாம். எல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச வியாதி. நம்ம பிள்ளைகளுக்கு அதெல்லாம் கிடையாது.

எல்லாரும் தலையாட்டினாங்க. கடைசியா என் பக்கம் திரும்பினாங்க. "அண்ணனைப் பாரு. சொன்னதைக் கேட்டு பர்ஸ்ட் குரூப் எடுத்தான், இஞ்சினியரிங் படிச்சான், இன்னிக்கு சென்னையில நல்லா இருக்கான். நீயே சொல்லுப்பா இவனுக்கு."

நான் என்ன சொன்னேன்கிறதைக் கடைசியில சொல்றேன். பெருமைப்பட ஒண்ணும் இல்லை. முதல்ல அந்த வாட்ஸப் மேட்டரைப் பார்த்துடுவோம்.

முதல் விசயம். நான் நகரத்தார் இல்லை. எங்க ஐயா அந்த வீடுகள்ல மராமத்து பார்த்த கொத்தனார். ஆனா இந்தப் பக்கத்துல வளர்ந்த யாருக்கும் அந்தக் கதைகள் தெரியாம இருக்காது. பத்து பன்னிரண்டு வயசுல ஒரு பையன் ரங்கூனுக்கோ பினாங்குக்கோ போறது நிஜம்தான். போனதும் அவன்கிட்ட யாரும் கடையைத் தூக்கிக் கொடுக்கலை. கிட்டங்கியில கணக்குப் பெட்டி பக்கத்துல உட்கார்ந்து எடுபிடி வேலை பார்த்து, ஏடு எழுதக் கத்துக்கிட்டவன்தான் 'பெட்டியடிப் பையன்'. அப்புறம் 'அடுத்தாள்'. அதுக்கும் பல வருசம் கழிச்சுத்தான் 'மேலாள்', அதாவது ஏஜெண்ட். ஒரு தவணைன்னா ஏறக்குறைய மூணு வருசம். முடிஞ்சா கணக்கை ஒப்படைச்சிட்டு ஊருக்கு வந்து, கொஞ்ச நாள் இருந்துட்டுத்தான் மறுபடி கப்பல்.

அதாவது ஏணி இருந்தது, எந்தப் படியில நிக்கிறோம்னு எல்லாருக்கும் தெரிஞ்சது. கையில நிஜமான வேலை இருந்தது. பக்கத்துல பெத்த அப்பா இல்லாத ஒரு பெரிய மனுசர், தொழில் தெரிஞ்சவர், தினம் கவனிச்சுக்கிட்டிருந்தார். ஊருக்குத் திரும்பி மூச்சு வாங்க ஒரு இடைவெளியும் இருந்தது. இதுல எதை நாம இன்னிக்கு நம்ம பையனுக்குக் கொடுத்திருக்கோம்? பன்னிரண்டு வயசுப் பையனோட தைரியத்தை மட்டும் உருவிக்கிட்டு, அந்தத் தைரியத்துக்கு முட்டுக் கொடுத்த ஏற்பாட்டை விட்டுட்டோம்.

அந்தக் காலம் பொற்காலம்னு நான் சொல்ல வரலை. அந்த ஏணி முதல் உள்ள ஒரு சமூகத்துக்கு மட்டும் இருந்தது. எங்க ஐயா அதே வயசுல சித்தாளாக் கலவை சுமந்தார். பர்மாவுல 1930கள்ல கடனைக் கட்ட முடியாம நிலத்தை இழந்த விவசாயிக்கு அந்தக் கிட்டங்கி எப்படித் தெரிஞ்சிருக்கும்னும் யோசிக்கணும். என் சண்டை ஒண்ணே ஒண்ணுதான்: உதாரணம் காட்டுறீங்கன்னா முழுசாக் காட்டுங்க.

இப்ப 'வெள்ளைக்காரன் வியாதி'க்கு வருவோம். அடையாள நெருக்கடிங்கிற வார்த்தையைப் பிரபலப்படுத்தினவர் எரிக் எரிக்சன். 1902ல ஜெர்மனியில பிறந்தவர். பெத்த அப்பா யாருன்னு கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. வளர்ப்பு அப்பாவோட குடும்பப் பேர்ல வளர்ந்தார். பள்ளிக்கூடம் முடிச்சிட்டு ஓவியனாகப் போறேன்னு ஐரோப்பாவைச் சுத்தினார். 1927ல வியன்னாவுல ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துல வேலை கிடைச்சது. அங்க சிக்மண்ட் பிராய்டோட மகள் அன்னா பிராய்டுகிட்ட உளப்பகுப்பாய்வு கத்துக்கிட்டார். அமெரிக்கா போய், 1939ல குடியுரிமை வாங்கும்போது எரிக்சன்னு தனக்குத் தானே பேர் வெச்சுக்கிட்டார். ஒரு கல்லூரிப் பட்டம்கூட இல்லாம ஹார்வர்டுல பேராசிரியர் ஆனார். நம்ம காந்தியைப் பத்தி 1969ல புத்தகம் எழுதி அதுக்கு புலிட்சர் பரிசும் வாங்கினார்.

அவர் 1950ல சொன்னது, மனுச வாழ்க்கையில எட்டுக் கட்டம். ஒவ்வொண்ணுலயும் ஒரு இழுபறி. பள்ளிக்கூட வயசுல 'என்னால ஒரு வேலையைச் செய்ய முடியும்'ங்கிற நம்பிக்கைக்கும் 'நான் எதுக்கும் லாயக்கில்லை'ங்கிற தாழ்வுக்கும் நடுவுல. விடலைப் பருவத்துல 'நான் இன்னார்'ங்கிற தெளிவுக்கும் 'எந்த வேசம் என் வேசம்'ங்கிற குழப்பத்துக்கும் நடுவுல. இந்தக் குழப்பம் தீர அவகாசம் வேணும்னு சொல்லி அதுக்கு அவர் வெச்ச பேர் மோரட்டோரியம்.

இந்த வார்த்தையை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? 2020ல கொரோனா சமயத்துல ரிசர்வ் வங்கி இ.எம்.ஐ. கட்ட ஆறு மாசம் அவகாசம் கொடுத்துச்சே, அதே மோரட்டோரியம். கடன்காரனுக்குக் கொடுக்கிற தவணை நீட்டிப்பு. கடன் ரத்து இல்லை, கட்டித்தான் ஆகணும், ஆனா இப்பவே கழுத்தைப் பிடிக்க மாட்டோம். தவணைன்னா என்னன்னு உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த ஊர்ப்பக்கம் இது. நமக்கா புரியாது? பெத்த பிள்ளைக்கு மட்டும் ஒரு நாள் தவணை கொடுக்க மாட்டேங்கிறோம்.

இந்தத் தேடல் நம்ம மண்ணுக்கு அந்நியமா? கொஞ்சம் கொசுவத்தி சுத்துறேன். காரைக்குடிப் பக்கம் சிறுகூடல்பட்டியில 1927ல முத்தையான்னு ஒருத்தர் பிறந்தார். சின்ன வயசுல வேற வீட்டுக்குத் தத்துக் கொடுத்தாங்க, அங்க பேர் நாராயணன். எட்டாவதோட படிப்பு நின்னுது. ஜப்பான் படை பர்மாவுக்குள்ள போன 1942ல அவருக்குப் பதினஞ்சு வயசு. அதாவது பெட்டியடிப் பாதை கண்ணு முன்னாடி மூடிக்கிட்டிருந்த நேரம். 1943ல திருவொற்றியூர்ல ஒரு கம்பெனியில உதவியாளர் வேலை. கதை எழுதணும்கிற ஆசையில அதையும் விட்டார். நடுவுல சந்திரசேகரன்னு ஒரு பேர். 'திருமகள்' பத்திரிகையில சேர்ந்தப்ப கண்ணதாசன்.

நாலு பேர், விட்ட படிப்பு, விட்ட வேலை. இன்னிக்கு இப்படி ஒரு பையன் நம்ம தெருவுல இருந்தா என்ன பேசுவோம்? "தறுதலை. அவங்கப்பனைச் சொல்லணும்." எரிக்சன் கதையையும் இந்தக் கதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க: வளர்ப்பு வீடு, மாறின பேர், இல்லாத பட்டம். எல்லாரும் கண்ணதாசன் ஆயிட மாட்டாங்கன்னு உடனே ஒரு பின்னூட்டம் வரும். ஆமா, ஆக மாட்டாங்க. அவர் ஜெயிச்சதுக்காக நான் சொல்லலை. தேடி அலைஞ்ச அந்த வருசங்களை வீணாப் போனதுன்னு எழுத முடியாதுன்னு சொல்றேன். அந்தக் குழப்பத்தை வெள்ளைக்காரன் ஏற்றுமதி பண்ணலை. சிறுகூடல்பட்டியிலயே விளைஞ்சது.

"நம்மது கூட்டுக் குடும்பம், தனி அடையாளம்கிறது மேல்நாட்டுச் சரக்கு"ன்னு அடுத்த ஜல்லி வரும். அதே செட்டியார் வீடுகளைப் பாருங்க. கல்யாணமான மகனை அதே வீட்டுக்குள்ள 'வேறு வெச்சாங்க'. தனி அடுப்பு, தனிச் செலவுக் கணக்கு, கோயில் வரிக்கு அவங்க தனிப் புள்ளி. பிரிச்சு வெளிய அனுப்பலை, கூட வெச்சுக்கிட்டே தனியா நிக்கப் பழக்கினாங்க. ஒருத்தன் குடும்பத்துக்குள்ளயே தன் கணக்கைத் தானே பார்க்கணும்கிற அறிவு இங்க ஏற்கெனவே இருந்திருக்கு. நாமதான் மறந்துட்டோம்.

எரிக்சனுக்குப் பின்னாடி 1966ல ஜேம்ஸ் மார்சியான்னு ஒருத்தர் இதை இன்னும் தெளிவாப் பிரிச்சார். ரெண்டே கேள்வி: நீ தேடிப் பார்த்தியா? ஒண்ணுல உறுதியா நின்னியா? தேடி, நின்னவன் ஒரு வகை. இன்னும் தேடிக்கிட்டிருக்கிறவன் ஒரு வகை. தேடவும் இல்லை, நிக்கவும் இல்லைங்கிறவன் ஒரு வகை. நாலாவது வகைதான் நம்ம ஆளு: தேடவே இல்லை, ஆனா உறுதியா நிக்கிறான். அப்பா சொன்னார், வாத்தியார் சொன்னார், நின்னுட்டான். தேடுறதுக்கு முன்னாடியே அடைச்சு சீல் வெச்ச அடையாளம்.

இதைப் படிச்சப்ப எனக்குப் பக்குன்னு இருந்தது. ஏன்னா அது நான்.

இங்க ஒரு நேர்மையான விசயம் சொல்லணும். இந்த நாலாவது வகைக்காரங்ககிட்ட பதட்டம் கம்மியாத்தான் இருக்கும்னு அந்த ஆராய்ச்சிகளே சொல்லுது. பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா குதிப்பார். "பார்த்தியா, சொன்னதைக் கேட்டவன் நிம்மதியா இருக்கான்!" ஆனா அதுக்கு ஒரு மறுபக்கமும் மார்சியா பார்த்தார். பெரியவங்க சொன்னா சரிதான்னு அதிகாரத்துக்கு ரொம்பத் தலையாட்டுறவங்களா இருந்தாங்க. எட்டாத இலக்கை வெச்சுக்கிட்டு, தோத்தாலும் அதை மாத்தத் தெரியாம முட்டிக்கிட்டு நின்னாங்க. காத்து நேரா அடிக்கிற வரைக்கும் இவங்க ஓட்டுற படகு நல்லாத்தான் போகும். திசை மாறினா பாயைத் திருப்பப் பழகியிருக்க மாட்டாங்க.

என் கதை சோகக் கதை இல்லை. வேலை இருக்கு, கல்விக் கடன் அடைஞ்சிருச்சு. போன வருசம் மேனேஜர் உட்கார வெச்சு, "அடுத்த அஞ்சு வருசத்துல நீ என்னவா ஆகணும்?"னு கேட்டார். வருசா வருசம் கேக்குற கேள்விதான். அன்னிக்கு 'ஙே'ன்னு முழிச்சேன். 27 வயசுல, அந்தக் கேள்வியை வாழ்க்கையில முதல் தடவையா நிஜமாக் கேட்ட மாதிரி இருந்தது. பதினஞ்சு வயசுல எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு தப்பான பதிலாவது சொல்லியிருப்பேன்.

எங்க அக்காவுக்கு குரூப் பஞ்சாயத்தே நடக்கலை. நல்ல மார்க். "எந்தக் காலேஜுக்கு நம்ம ஊர்ல இருந்து நேர் பஸ் இருக்கு?" அதுதான் ஒரே கேள்வி, அதுதான் அவ படிப்பு. மார்சியா 1966ல பேட்டி எடுத்தது கல்லூரிப் பையன்களை மட்டும்தான். ஆம்பளைப் பையனை அளவுகோலா வெச்சுக்கிட்டு உளவியல் பொண்ணுங்களை அளக்குதுன்னு கேரல் கில்லிகன் 1982ல புத்தகமே எழுதினாங்க. ஆகவே, கோட்பாட்டுலயும் ஓட்டை இருக்கு, நான் வேதவாக்குன்னு சொல்லலை. ஆனா அந்த ஓட்டையைக் காட்டி தப்பிக்கிறவங்க யாரும் அக்காகிட்ட போய் "உனக்கு என்ன பிடிக்கும்?"னு கேட்கலை.

சரி, சித்தப்பா தரப்புல ஒரு வலுவான வாதம் இருக்கு, அதைத் தாண்டாம போனா நான் ஏமாத்துறேன்னு அர்த்தம். "பர்ஸ்ட் குரூப் எடுத்தவன் நாளைக்கு பி.காம். போகலாம். காமர்ஸ் எடுத்தவன் இஞ்சினியரிங் போக முடியாது. கதவு தொறந்திருக்கட்டுமே?" உண்மைதான். 1978ல பிளஸ் டூ வந்ததுல இருந்து நம்ம ஊர்ல விதி அப்படி. ஆனா தொறந்த கதவுக்கும் வாடகை இருக்கு. ரெண்டு வருசம் பிடிக்காத இயற்பியல், வேதியியல். அதனால குறையுற மார்க். அந்த மார்க்கால 'நான் லாயக்கில்லை'ங்கிற எண்ணம், எரிக்சன் சொன்ன அந்த முந்தின கட்டத்துத் தாழ்வு. எல்லாத்துக்கும் மேல, பையன் ஒரு பாடத்தை ரொம்ப நல்லாப் படிச்சுடுவான்: முக்கியமான முடிவை நாம எடுக்கக் கூடாது, தள்ளிப் போடணும் அல்லது அடுத்தவங்க எடுக்கணும். அந்தப் பாடத்துல நான் டிஸ்டிங்ஷன்.

"மூளையே 25 வயசு வரைக்கும் வளராதாம், இவன் என்ன முடிவெடுப்பான்?"னு இன்னொரு பார்வர்டு சுத்துது. பாதி உண்மை. லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க் போன்றவங்களோட ஆராய்ச்சி ரெண்டு நிலைமையைப் பிரிக்குது. பரபரப்பு இல்லாம, அவகாசத்தோட, விவரம் கேட்டு யோசிக்கிறதுல பதினாறு வயசுக்காரன் கிட்டத்தட்ட பெரியவங்களுக்குச் சமம். உணர்ச்சி கொதிக்கும்போது, சுத்தி ஆள் பார்த்துக்கிட்டிருக்கும்போதுதான் அவன் தடுமாறுறான். அப்படின்னா நாம பண்றது என்ன? ரிசல்ட் வந்த சூட்டோட, ஆறு சொந்தக்காரங்க நடுவுல நிக்க வெச்சு, "சொல்லுடா"ங்கிறோம். அவனால நல்லா யோசிக்கவே முடியாத இடமாப் பார்த்து கேட்டுட்டு, "பாருங்க, இவனுக்கு யோசிக்கத் தெரியலை"ன்னு தீர்ப்பு.

அரசாங்கம்கூட கொஞ்சம் இறங்கி வந்திருக்கு. 2017ல பொதுத்தேர்வு ரேங்க் அறிவிக்கிறதை நிறுத்தினாங்க. பதினொண்ணாவதுக்குன்னு கொண்டு வந்த பொதுத்தேர்வை 2025ல எடுத்துட்டாங்க. வீட்டு ஹால்லதான் இன்னும் ரேங்க் லிஸ்ட் தொங்குது.

விளையாட்டா எழுதுற விசயம் இல்லை இது. 2022ல மட்டும் இந்தியாவுல தற்கொலை செஞ்சுக்கிட்ட மாணவர்கள் 13,044 பேர்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்லுது. தமிழ்நாட்டுல 1,416. எல்லாத்துக்கும் குரூப்புதான் காரணம்னு சொன்னா அது பொய். ஆனா, "நம்ம பிள்ளைகளுக்கு அதெல்லாம் கிடையாது"ங்கிறது அதைவிடப் பெரிய பொய். இதைப் படிக்கிற யாருக்காவது, உங்க வீட்டுப் பிள்ளைக்காவது தாங்க முடியலைன்னா 14416க்கோ 104க்கோ கூப்பிடுங்க. இலவசம், தமிழ்லயே பேசலாம்.

இப்ப நான் அன்னிக்கு என்ன சொன்னேன்னு சொல்றேன். "பர்ஸ்ட் குரூப்பே எடுத்துடு தம்பி, சேஃப்டி." அவ்வளவுதான். எல்லாரும் திருப்தியாக் காபி குடிச்சாங்க. பையன் எழுந்து மொட்டை மாடிக்குப் போயிட்டான். நான் சென்னைக்கு வந்தப்புறம் போன் பண்ணினா எடுக்கலை. நாலு நாள்.

அஞ்சாவது நாள் எடுத்தான். "ஏன்டா காமர்ஸ்?"னு அன்னிக்குத்தான் முதல் தடவையாக் கேட்டேன். ரெண்டு வருசமா லீவுல அவன் ஒரு இரும்புக் கடையில கணக்கு எழுதப் போறான். எனக்கு அது தெரியும், ஆனா 'சும்மா போறான்'னு நினைச்சிருந்தேன். சொன்னான்: "அண்ணே, ராத்திரி கல்லாவை எண்ணி, பில்லோட சரியா டேலி ஆகும்போது ஒரு மாதிரி நல்லா இருக்குண்ணே. பத்து ரூவா இடிச்சாக்கூட எங்கன்னு கண்டுபிடிச்சிருவேன். முதலாளி என்னைய விட்டுத்தான் சரி பார்க்கச் சொல்றாரு."

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அவமானமாவும் இருந்துச்சு. பர்மாப் பையனை உதாரணம் காட்டித் திட்டின அதே திண்ணையில, பெட்டிக்குப் பக்கத்துல உட்கார்ந்து கணக்குக் கத்துக்கிட்ட நிஜமான பெட்டியடிப் பையன் நின்னுக்கிட்டிருந்தான். ஏடு எழுதிச் சம்பாதிச்ச காசுல கட்டின வீடுகளுக்கு நடுவுல உட்கார்ந்துக்கிட்டு, கணக்குப் பதிவியல் படிச்சா கேவலம்னு அவனுக்குப் பாடம் எடுத்திருக்கோம். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி சித்தப்பாவுக்குப் போன் பண்ணினேன். "சித்தப்பா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. என்னைய உதாரணமாக் காட்டாதீங்க. நான் எதையும் தேர்ந்தெடுக்கலை, நீங்க எல்லாரும் கை காட்டின பக்கம் நடந்தேன். அவன் ரெண்டு வருசம் வேலை பார்த்துட்டுப் பேசுறான். ஒரே ஒரு நாள் அந்த இரும்புக் கடை முதலாளிகிட்ட பேசிப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க"ன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. "உனக்கு மெட்ராஸ் போய் வாய் நீண்டுடுச்சு"ன்னு வெச்சுட்டார். பார்ம் கொடுக்க இன்னும் ரெண்டு நாள் இருக்கு. என்ன ஆகும்னு தெரியாது. சித்தி மட்டும், "அவரு இன்னிக்குக் கடைப் பக்கம் போனாருப்பா"ன்னு மெசேஜ் போட்டிருக்காங்க.

சக பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பாதிப் பேர் பொட்டி தட்டுறவங்க. ஒவ்வொருத்தர் ஊர்லயும் நம்ம பேரைச் சொல்லி ஒரு தம்பியையோ தங்கச்சியையோ மடக்கிக்கிட்டிருப்பாங்க. இந்த வாரம் ஊருக்கு ஒரு போன் போடுங்க. அறிவுரை வேண்டாம். "உனக்கு என்ன பிடிக்குது, ஏன்?"னு கேட்டுட்டு, பத்து நிமிசம் குறுக்க பேசாம இருங்க. அப்புறம் உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் ஒரு போன் போட்டு, உங்களை உதாரணம் காட்டுறதை நிறுத்தச் சொல்லுங்க. ரெண்டாவது போன்தான் கஷ்டம், அனுபவத்துல சொல்றேன்.

டிஸ்கி: பர்ஸ்ட் குரூப் எடுத்துச் சந்தோசமா இருக்கிறவங்க கோவிச்சுக்க வேண்டாம். தேடிப் பார்த்து எடுத்திருந்தா உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லை. தேடாம எடுத்தவங்க பின்னூட்டத்துல உண்மையைச் சொல்லுங்க. பேர் போடாட்டியும் பரவாயில்லை :-)